எஞ்சின் போதுமானதாக இருந்தும் ஓடாத கார்: 1955 செவ்ரோலே ஒன்றுக்கு கியர்பாக்ஸ் தேர்ந்தெடுத்த அனுபவம்

2021 அக்டோபரிலிருந்து 2023 அக்டோபர் வரை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பழைய டிராக் பந்தயக் காருக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் பொருத்திய கதை இது. காரின் உரிமையாளர்கள் அண்ணன், தம்பி இருவர். ஓட்டியவர் அண்ணனின் மகள். நான் அவருடன் வேலை பார்ப்பவன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் என் தொழில். முதல் தேர்வு பெரும்பாலும் என் பேச்சைக் கேட்டு நடந்தது. அது சரியாக வரவில்லை. ஏன் வரவில்லை, எப்படிக் கண்டுபிடித்தோம், பிறகு என்ன செய்தோம் என்பதை இதே வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

## காரும் அதன் பந்தயமும்

டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு பச்சையானதும் கிளம்பி, கால் மைல் அதாவது 402 மீட்டர் நேராக ஓடும். கோட்டைக் கடக்க எத்தனை வினாடி, கடக்கும்போது என்ன வேகம் என்று இரண்டு எண்கள் சீட்டில் வரும். முதல் 60 அடிக்கு எடுத்த நேரமும் அதில் இருக்கும். அனுபவசாலிகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எங்கள் கார் 1955 செவ்ரோலே 210, இரண்டு கதவு. செவ்ரோலேயின் 'ஸ்மால் பிளாக்' வி8 எஞ்சின் முதன்முதலில் வந்தது அந்த ஆண்டு மாடலில்தான். அப்போது அதன் கொள்ளளவு 265 கன அங்குலம், 4.3 லிட்டர். என்எச்ஆர்ஏ என்ற அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு 1951இல் தொடங்கியது. சாதாரண பெட்ரோலில் ஓடும் கார்களை எடைக்கும் எஞ்சின் அளவுக்கும் உள்ள விகிதப்படி வகுப்புகளாகப் பிரித்து ஓட்டினார்கள். அந்த வகுப்புக் கார்களுக்கு 'கேஸர்' என்று பெயர் நிலைத்துவிட்டது. முன்பக்கம் லாரி மாதிரி ஒரே தண்டாக நேர் ஆக்சில் போட்டு, மூக்கைத் தூக்கி வைத்திருப்பார்கள். கிளம்பும்போது எடை பின் டயர்களுக்குப் போகட்டும் என்பதற்காக.

அண்ணன் 1967இல், 19 வயதில் இந்தக் காரை வாங்கினார். 327 கன அங்குல எஞ்சினும் மன்சி எம்21 என்ற நான்கு கியர் கைப்பெட்டியும் (கிளட்ச் மிதித்துக் கையால் மாற்றும் கியர்பாக்ஸ்) போட்டு 1971 வரை ஓட்டியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் கியரின் பல் உடைந்தது. அதோடு கார் கொட்டகைக்குப் போய்விட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, மகள் ஓட்ட வேண்டும் என்று அதை வெளியே எடுத்தார்கள்.

## இலக்கும் முதல் கணக்கும்

அவர்கள் சேர விரும்பிய குழு 11.50 வினாடி என்று ஓர் எண்ணை நிர்ணயித்து ஓட்டும். அதற்கு எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறோமோ அவ்வளவு நல்லது. அதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடினால் அந்தச் சுற்று போய்விடும். கார்புரேட்டர்தான் இருக்க வேண்டும், டர்போ கூடாது, மின்னணுக் கட்டுப்பாடு கூடாது, முன்னால் நேர் ஆக்சில் கட்டாயம். ஓட்டுநருடன் சேர்த்து எங்கள் காரின் எடை 3,280 பவுண்டு, ஏறக்குறைய 1,488 கிலோ. பின்னால் ஃபோர்டு 9 அங்குல ஆக்சில், 29 அங்குல உயரமுள்ள வழவழப்பான பந்தய டயர். எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டுக்கும் நடுவில் கிளட்சுக்குப் பதிலாக வரும் கன்வர்ட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 14,000 டாலர் ஒதுக்கியிருந்தார்கள்.

எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும் என்று பார்க்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. காரின் எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் கண்டு, 5.825ஆல் பெருக்கினால் வினாடி வரும். 234ஐ அதே கனமூலத்தால் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்று வேகம் வரும். இதன்படி 11.50க்கு எங்களுக்கு 426 குதிரைத்திறன் தேவை.

இந்தச் சூத்திரத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கியர்பாக்ஸ், கன்வர்ட்டர், பின் ஆக்சில் விகிதம் எல்லாம் எஞ்சினுக்குப் பொருத்தமாக அமைந்த காருக்குத்தான் இந்த விடை. நாங்கள் அந்த நிபந்தனையை யோசிக்காமல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

## மேசை மேல் இருந்த யோசனைகள்

அண்ணனுக்கு ஆசை 454 கன அங்குல பெரிய பிளாக் எஞ்சினும் டர்போ 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் (பெயரில் மட்டும்தான் டர்போ). வாலிபத்தில் வாங்க முடியாதது அது. ஸ்மால் பிளாக்கைவிட ஏறக்குறைய 50 கிலோ கூடுதல் எடை, அதுவும் முன் ஆக்சில் மேல். செலவும் எங்கள் தொகைக்குள் அடங்கவில்லை.

மகள் புதிய தலைமுறை அலுமினிய வி8ஐயும் டர்போவையும் சொன்னார். குழு விதியிலேயே அது அடிபட்டுப் போனது.

தம்பி சொன்னது, வீட்டில் கிடக்கும் 327ஐயே மறுபடி கட்டுவது. சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்கினால் 331 கன அங்குலம், 5.4 லிட்டர். ஸ்ட்ரோக் 3.25 அங்குலம்தான் என்பதால் வேகமாகச் சுழலும். நல்ல சிலிண்டர் ஹெட்டும் பெரிய கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் 430 குதிரைத்திறன் கிடைக்கும் என்றது எஞ்சின் பட்டறை. அண்ணன் கையால் ஓட்டிய அதே பிளாக் என்பதால் எல்லோருக்கும் மனது அங்கேயே போனது. எனக்கும்தான்.

கியர்பாக்ஸுக்கு நான் சொன்னது பவர்கிளைடு. 1950இல் வந்து 1973 வரை செவ்ரோலே கார்களில் இருந்த இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் அது. முதல் கியர் 1.76, அடுத்தது நேர் கியர். எடை குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், நடுவில் ஒரே ஒரு மாற்றம் என்பதால் ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி வரும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஓட்டும் பந்தயங்களில் நிறையப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். "கிளட்ச் இல்லாத கேஸர் கேஸரே இல்லை" என்று அண்ணன் முனகினார். மகள் கிளட்ச் காரைப் பந்தயத்தில் ஓட்டியதில்லை. அதனால் என் பேச்சு எடுபட்டது.

அந்த அறையில் எஞ்சினைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினோம், கியர்பாக்ஸைப் பற்றி இன்னொரு மாலை. இரண்டையும் ஒரே காகிதத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. பிறகு நடந்ததற்கெல்லாம் வேர் இதுதான் என்று நினைக்கிறேன்.

## 2022: ஓட்டியபோது கண்டது

ஏப்ரலில் எஞ்சினின் விசையை அளக்கும் டைனோவில் அதை ஏற்றினார்கள். நிமிடத்துக்கு 6,800 சுழற்சியில் 430 குதிரைத்திறன். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. முறுக்குவிசை உச்சம் 5,200 சுழற்சியில் 375 பவுண்டு-அடி. 4,300 அளவில் அது 345 மட்டுமே. பெரிய கேம் போட்ட சின்ன எஞ்சினின் சுபாவமே அப்படித்தான். கீழே சோர்ந்திருக்கும், 5,000க்கு மேல் விழித்துக்கொள்ளும்.

மே மாதம் முதல் ஓட்டம் 12.21 வினாடி, 111 மைல். 11.50க்குப் பக்கத்தில்கூட இல்லை. காரின் பின் ஆக்சிலில் அப்போது 4.11 விகிதமுள்ள கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடி இருந்தது. முடிவுக் கோட்டில் எஞ்சின் 5,700 சுழற்சியைத்தான் தொட்டது. 6,800இல் உச்சம் தரும் எஞ்சினை 5,700இல் முடித்தால் என்ன பயன்? அதனால் 4.57 கிரவுன் போட்டோம். சரியான திருத்தம்தான். 11.87 வினாடி, 113.6 மைல் வந்தது. 60 அடி நேரம் 1.79. கோட்டில் சுழற்சி 6,480.

ஆனால் அத்தோடு நின்றுவிட்டது. ஜூன், ஜூலை முழுக்க இக்னிஷன் நேரம், கார்புரேட்டர் ஜெட், டயர் காற்று என்று மாற்றி மாற்றிப் பார்த்தும் அசையவில்லை. 113.6 மைல் வேகத்தைச் சூத்திரத்தில் பின்னோக்கிப் போட்டால் 375 குதிரைத்திறன்தான் வருகிறது. டைனோ காட்டிய 430இல் 55 எங்கே போனது?

தம்பி இன்னும் குட்டையான 4.86 கிரவுன் வாங்கலாம் என்றார். கோயம்புத்தூரில் லாரிப் பட்டறையில் பழகிய நாட்களிலிருந்து எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. வண்டி இழுக்கவில்லையா, கிரவுனை மாற்று. ஆர்டர் போடும் நிலைக்கு வந்துவிட்டோம்.

அதைத் தடுத்தது அண்ணன். அவர் கிளம்பும் இடத்தில் நிற்பதில்லை. ஏறக்குறைய 330 அடி தூரத்தில், வேலியை ஒட்டி, தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். கார் கடந்து போவதைப் பார்க்க மாட்டார். தலையைக் குனிந்து காதால் கேட்பார். ஜூலை கடைசியில் ஒரு நாள் வந்து சொன்னார்: "என் முன்னால் வரும்போது எஞ்சின் கொட்டாவி விடுகிறது."

## கேமராவும் நோட்டுப் புத்தகமும்

அடுத்த வாரம் சுழற்சிமானிக்கு எதிரே சின்னக் கேமரா ஒன்றை ஒட்டினோம். வினாடிக்கு 30 படம். அன்று இரவு சமையலறை மேசையில் படம் படமாக நகர்த்தி எழுதினோம்.

7,100இல் கியர் மாறுகிறது. முள் 4,650க்கு விழுகிறது. அங்கிருந்து 5,800ஐத் தொட சுமார் மூன்றரை வினாடி. கியர் மாறும் இடத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 115 கிலோமீட்டர் வேகம், தூரம் ஏறக்குறைய 330 அடி. அண்ணன் நின்ற இடம்.

மலைப்பாதையில் லோடு லாரியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏறும்போது அவசரப்பட்டு மேல் கியருக்குப் போனால் எஞ்சின் திணறும். நின்றுவிடாது, ஆனால் ஏறவும் ஏறாது. முக்கி முனகி மறுபடி மூச்சுப் பிடிக்கப் பாதி ஏற்றம் போய்விடும். எங்கள் காருக்கு ஒவ்வொரு ஓட்டத்திலும் அதுதான் நடந்தது. 1.76 விகிதத்திலிருந்து 1.00க்கு ஒரே தாவலில் போனால், வழுக்கல் இல்லை என்று வைத்துக்கொண்டால் 7,100 என்பது 4,034 ஆகிவிடும். கன்வர்ட்டர் கொஞ்சம் வழுக்கி 4,650இல் பிடித்துக்கொண்டது. மொத்த ஓட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இரண்டாவது கியரில்தான் போகிறது. அதில் பாதி நேரம் எஞ்சின் தனக்குப் பிடிக்காத இடத்தில் கிடந்து உழல்கிறது.

கிரவுனை மாற்றினால் இது மாறாது. கிரவுன் எதுவாக இருந்தாலும் 1.76க்கும் 1.00க்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். அந்த விழுதல் கொஞ்சம் முன்னால் நடக்கும், அவ்வளவுதான். 4.86 ஆர்டரை நிறுத்தினோம்.

அப்போது அண்ணன் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அட்டையில் கிரீஸ் விரல் தடம், ஓரத்தில் எலி கடித்திருந்தது. 1968 முதல் 1971 வரை அவர் ஓட்டிய ஒவ்வொரு ஓட்டமும் பென்சிலில் இருந்தது. தேதி, நேரம், டயர் காற்று. அதற்கடுத்து ஒரு பத்தியில் இரண்டு எண்கள்: 7000 – 5200, 7000 – 5400, 7000 – 5500. கியர் மாற்றிய சுழற்சியும், மாற்றியதும் முள் வந்து நின்ற சுழற்சியும். அந்தக் காலத்தில் பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்து, சோதனை ஓட்டங்களில் பார்த்துச் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறார்.

எம்21இன் விகிதங்கள் 2.20, 1.64, 1.28, 1.00. படிகள் நெருக்கம். 7,000இல் மாற்றினால் ஒரு தடவைகூட 5,200க்குக் கீழே இறங்காது. 60களில் 327 வைத்திருந்தவர்கள் நான்கு கியர் கைப்பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம். மேலே மட்டும் வேலை செய்யும் சின்ன எஞ்சினுக்கு நெருக்கமான படிகள் வேண்டும். 454 மாதிரி கீழேயே முறுக்குவிசை கொட்டிக்கிடக்கும் எஞ்சினுக்கு இரண்டு படி போதும். அண்ணன் கேட்ட பெரிய பிளாக்கோடு என் பவர்கிளைடு நன்றாகவே போயிருக்கும். தம்பி கேட்ட 327ஓடு பழைய கைப்பெட்டி நன்றாகப் போயிருக்கும். நாங்கள் ஒரு ஜோடியின் எஞ்சினையும் இன்னொரு ஜோடியின் கியர்பாக்ஸையும் எடுத்துச் சேர்த்திருந்தோம்.

விடை 2021 அக்டோபரிலேயே அந்த வீட்டு அலமாரியில் இருந்தது. நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

## கன்வர்ட்டரில் நடந்த தனித் தவறு

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. இது முழுக்க முழுக்க எங்கள் பக்கத் தவறு, கன்வர்ட்டர் செய்தவர் மேல் குறை இல்லை.

டார்க் கன்வர்ட்டர் என்பது எண்ணெய்க்குள் எதிரெதிரே இருக்கும் இரண்டு விசிறிகள் மாதிரி. ஒன்றை எஞ்சின் சுற்றுகிறது. தள்ளப்படும் எண்ணெய் மற்றதைச் சுற்றுகிறது. வெளிப்பக்கத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் எந்தச் சுழற்சியில் போய் முட்டி நிற்கிறதோ அதற்கு ஸ்டால் என்று பெயர். நிறையப் பேர் அதைக் கன்வர்ட்டரின் சொந்த எண் என்று நினைக்கிறார்கள். அது எஞ்சினின் முறுக்குவிசையையும் சேர்த்த எண். முறுக்குவிசை குறைந்தால் அதே கன்வர்ட்டரின் ஸ்டாலும், முறுக்குவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும்.

செய்து தர பத்து வாரம் ஆகும் என்றதால் ஜனவரியிலேயே ஆர்டர் கொடுத்தோம். எஞ்சின் அப்போது பட்டறையில் துண்டு துண்டாகக் கிடந்தது. முறுக்குவிசை எவ்வளவு என்று கேட்டார்கள். உத்தேசமாக 420 என்று எழுதிக்கொடுத்தேன். 4,800 ஸ்டால் வேண்டும் என்றேன். அவர்கள் 420க்கு ஏற்றபடி சரியாகத்தான் செய்து கொடுத்தார்கள். எங்கள் எஞ்சின் 4,300 அளவில் 345தான் தந்தது. கணக்குப்படி ஸ்டால் 4,350க்கு இறங்கிவிட்டது. கேமராவில் கிளம்பும்போது முள் நின்ற இடமும் ஏறக்குறைய அதுவே.

ஆக, படிகளின் இடைவெளி அகலம், அந்த இடைவெளியை மூட வேண்டிய கன்வர்ட்டரும் இறுக்கம்.

## குளிர்கால முடிவு

2022 நவம்பரில் மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஒரே காகிதம். இடப்பக்கம் எஞ்சினின் டைனோ வளைவு, வலப்பக்கம் ஒவ்வொரு கியர்பாக்ஸிலும் 7,100இல் மாற்றினால் முள் எங்கே விழும் என்ற கணக்கு.

பவர்கிளைடையே வைத்துக்கொண்டு தளர்வான கன்வர்ட்டர் போடுவது மலிவான வழி. கியர் மாறியதும் 5,300 வரை பிடித்துக்கொள்ளும். ஆனால் கடைசிவரை வழுக்கிக்கொண்டே போகும். வழுக்கல் எல்லாம் சூடாகத்தான் மாறும். ஓட்டம் முடிந்ததும் எண்ணெய் ஏற்கெனவே 110 டிகிரி செல்சியஸைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கணக்கின்படி மிகச் சரியான பொருத்தம் நான்கு கியர் கைப்பெட்டி. 7,100இலிருந்து 5,290, 5,540, 5,550. காகிதத்தில் அதைப் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் இந்த டயர் பிடிப்பைத் தாங்கும் பெட்டி, கிளட்ச், கிளட்ச் சிதறினால் காலைக் காக்கும் எஃகுக் கூடு எல்லாம் சேர்ந்து 6,500 டாலர். மகள் முதல் பருவம் முழுக்கக் கிளட்ச் பழகுவதிலேயே போய்விடும். 1971இல் பல் உடைந்த அன்று என்ன நடந்தது என்று அண்ணன் சொல்ல, பேச்சு கொஞ்ச நேரம் நின்றது. பெட்டியின் ஒரு துண்டு தரையைத் துளைத்து அவர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது. அந்த ஆசையை இப்போதைக்கு ஒத்திவைப்போம் என்று சொன்னதும் அவர்தான்.

எஞ்சினை ஸ்ட்ரோக் கூட்டி 383 ஆக்குவதையும் பார்த்தோம். பவர்கிளைடுக்கு ஏற்ற எஞ்சினாகிவிடும். ஆனால் அதற்கு அந்தப் பழைய பிளாக்கைக் கைவிட்டு வேறு பிளாக் தேட வேண்டியிருக்கும். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அதை யாரும் வற்புறுத்தவும் இல்லை.

கடைசியில் தேர்ந்தது டர்போ 350. மூன்று கியர் ஆட்டோமேட்டிக், 2.52, 1.52, 1.00. விழும் இடங்கள் கைப்பெட்டி அளவுக்கு நெருக்கமில்லை. முதல் மாற்றத்தில் வழுக்கல் இல்லாமல் கணக்கிட்டால் 4,283, அடுத்ததில் 4,671. ஆனால் பெரிய விழுதல் மணிக்கு 80 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தில் கன்வர்ட்டர் நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். நீண்ட இழுப்பு இருக்கும் கடைசிக் கியருக்குள் எஞ்சின் உயரத்திலேயே நுழைகிறது. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு வசதியும் இருந்தது. குட்டை வால் உள்ள டர்போ 350இன் நீளமும் பவர்கிளைடின் நீளமும் ஒன்றே, 27 11/16 அங்குலம். பின்பக்கத் தாங்கி இருக்கும் இடமும், வெளித்தண்டின் 27 பல்லும் அப்படியே. புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்ட வேண்டியதில்லை, குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டியதில்லை. டர்போ 400 என்றால் இதெல்லாம் மாறியிருக்கும். எடை மட்டும் ஏறக்குறைய 10 கிலோ கூடியது. கன்வர்ட்டருக்கு இந்தத் தடவை டைனோ தாளையே அனுப்பினோம். கூடவே காரின் எடை, கிரவுன் விகிதம், டயர் உயரம், முதல் கியர் விகிதம். 5,200 ஸ்டால் கேட்டோம். இரண்டும் சேர்ந்து 3,400 டாலர். பழைய பெட்டியும் கன்வர்ட்டரும் 1,300க்கு விற்றன.

## 2023: கிளம்புவது முதலில் இன்னும் மோசம்

மே மாதம் முதல் ஓட்டம் 11.78. எதிர்பார்த்தது 11.50. 60 அடி நேரம் 1.88, பவர்கிளைடில் இருந்ததைவிட மோசம். பின்னால் நின்று பார்த்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. வலது டயர் பிடிக்காமல் சுற்றியது.

இதைக் கணக்கில் பார்த்திருக்க வேண்டும். பவர்கிளைடில் முதல் கியரையும் கிரவுனையும் பெருக்கினால் 8.04. டர்போ 350இல் 11.52. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விசை அதே டயர்களுக்குப் போகிறது. நாங்கள் விழும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கிளம்பும் இடத்தை மறந்துவிட்டோம்.

சரிசெய்ய ஆறு வாரம் ஆனது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஏற்றிவைக்கும் சுழற்சியை 4,000இலிருந்து 3,000க்கு இறக்கினார் மகள். பின் ஆக்சிலைப் பிடிக்கும் ஏணிச் சட்டங்களின் முன்னிறுக்கத்தை வலப்பக்கம் கொஞ்சம் கூட்டினோம். பின் ஷாக்குகளை மாற்றினோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம் என்று மகள் விதி போட்டிருந்தார். தம்பிக்கு அது பொறுமையைச் சோதித்தது. ஆனால் எந்த மாற்றம் எவ்வளவு கொடுத்தது என்று எங்களால் இன்று சொல்ல முடிவது அந்த விதியால்தான். ஜூலையில் 60 அடி 1.64க்கு வந்தது.

செப்டம்பர் மாதம், குளிர்ந்த ஒரு காலையில் 11.46 வினாடி, 118.2 மைல். சூத்திரத்தில் பின்னோக்கிப் போட்டால் 425 குதிரைத்திறன். காணாமல் போயிருந்த 55இல் 50 திரும்பிவிட்டது. எஞ்சினில் ஒரு திருகைக்கூட நாங்கள் தொடவில்லை. கேமராவில் முதல் மாற்றம் 7,100 – 5,250, இரண்டாவது 7,100 – 5,450, கோட்டில் 6,630.

என்எச்ஆர்ஏ விதிப்படி 11.49 அல்லது அதற்குக் கீழே போகும் இத்தகைய பழைய காருக்கு, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச் சட்டமான ரோல் பார் கட்டாயம். கார் கொட்டகையிலிருந்து வெளியே வந்த முதல் மாதத்திலேயே அதைப் போட்டிருந்தோம். இலக்கை ஒட்டி ஓடப்போகும் யாரும் இலக்கைத் தாண்டினால் என்ன விதி என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பந்தயத்தில் மகள் அந்தப் பருவம் ஏழு சுற்றுகள் வென்றார். ஒரு வார இறுதியில் ஓட்டிய பத்து ஓட்டங்களும் 0.06 வினாடிக்குள் அடங்கின. ஆனால் ஆகஸ்டு வெயிலில், காற்றில் ஈரம் கனக்கும் நாட்களில் கார் 11.58தான் ஓடியது. அன்றைக்கு 11.50ஐத் தொடும் காருக்கு எதிரே நின்றால், எதிரி தவறு செய்தால்தான் வெற்றி. நல்ல காற்றில் மட்டும் எட்டும் இலக்கைத்தான் நாங்கள் எட்டியிருக்கிறோம்.

## மறுபடி செய்வதென்றால்

முதலில் டைனோ, பிறகு கன்வர்ட்டர். பத்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. உத்தேச முறுக்குவிசையை எழுதிக்கொடுத்ததற்கு ஒரு பருவம் விலையாகப் போனது.

கியர் மாறினால் முள் எங்கே விழும், கிளம்பும்போது டயருக்கு எவ்வளவு விசை போகும், கோட்டில் சுழற்சி எவ்வளவு என்ற மூன்று கணக்கையும் எந்தப் பாகமும் வாங்குவதற்கு முன் போடுவேன். அரை மணி நேர வேலை. 426 என்ற இலக்கையும் அப்படியே எடுக்க மாட்டேன். வெயில் நாளுக்கென்று 25, 30 குதிரைத்திறன் கூட்டியே எஞ்சின் பட்டறையிடம் கேட்பேன். அது இயலவில்லை என்றால் காரின் எடையில் கை வைப்பேன். இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் செய்யவிருப்பது அந்த இரண்டாவது வேலைதான். இரும்புப் பின் பம்பர் தாங்கிகளையும், யாரும் உட்காராத பின் இருக்கையின் சட்டத்தையும் கழற்றி எடை போட்டுப் பார்த்தோம். 31 கிலோ.

சுழற்சிமானிக்கு எதிரே கேமரா முதல் ஓட்டத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். 40 டாலர் பொருள். அது இல்லாமல் இரண்டு மாதம் ஜெட்டையும் இக்னிஷனையும் மாற்றிக்கொண்டிருந்தோம்.

மன்சி பெட்டியை அண்ணன் விற்கவில்லை. அதன் மூன்றாம் கியருக்குப் புதுப் பல்சக்கரம் வாங்கி, மேசையில் பிரித்து வைத்திருக்கிறார். அது காருக்குள் போகுமா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. எலி கடித்த நோட்டுப் புத்தகம் இப்போது மகளிடம் இருக்கிறது. 1971இன் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதே பத்திகளில், அதே மாதிரி பென்சிலில் எழுதுகிறார்.